மிச்சம் எத்தனை மில்லிமீட்டர்? பழைய காருக்கு லோயரிங் ஸ்பிரிங்கும் ஷாக்கும்

லோயரிங் ஸ்பிரிங், அதாவது காரின் உயரத்தைக் குறைக்கிற ஸ்பிரிங், வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "கார் எவ்வளவு இறங்கும்?" என்றுதான். நான் கேட்கச் சொல்வது வேறு. கார் இறங்கிய பிறகு சக்கரம் மேலே ஏறுவதற்கு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்? எந்த ஷாக் அப்சார்பர் போடுவது என்பதற்கான பதிலும் பெரும்பாலும் இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

பழைய கார் ஒன்றை ஆசையாக வைத்துக்கொண்டு, அதைக் கொஞ்சம் தாழ்த்தி, வளைவுகளில் இன்னும் அழகாக ஓட வைக்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னிடமும் அப்படி ஒன்று உண்டு. முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்தது), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கிற, முறுக்கிக் கொடுக்கிற உத்திரம்). அந்தக் காலத்துச் சின்ன கார்களில் பெரும்பாலும் இருக்கிற அமைப்புதான். எளிமையான அமைப்பு, சுலபமாகக் கழற்றி மாட்டலாம். ஆனால் மேலும் கீழும் ஆடுவதற்கு இடம் குறைவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த எண்கள் எந்தக் குறிப்பிட்ட காருடையவையும் அல்ல, ஒரு சின்ன காருக்குப் பொருந்துகிற மாதிரி எடுத்துக்கொண்டவை. ஸ்ட்ரட் அமைப்பில் சக்கரம் ஏறும் அளவும் ஸ்பிரிங் அமுங்கும் அளவும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் கணக்கு சுலபம். முன்பக்கம் ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்குவது 280 கிலோ. ஒரிஜினல் ஸ்பிரிங்கை ஒரு மி.மீ. அமுக்க 2 கிலோ வேண்டும். ஆக, கார் சும்மா நிற்கும்போதே ஸ்பிரிங் 140 மி.மீ. அமுங்கியிருக்கிறது. அங்கிருந்து சக்கரம் இன்னும் 75 மி.மீ. ஏறினால் பம்ப் ஸ்டாப்பைத் தொடும். பம்ப் ஸ்டாப் என்பது ஷாக்கின் ராடில் கோர்த்திருக்கும் நுரை ரப்பர் கட்டை.

இப்போது 35 மி.மீ. தாழ்த்துகிற, 30 சதவீதம் கெட்டியான ஸ்பிரிங் ஒன்றை மாட்டுகிறோம். மி.மீ.க்கு 2.6 கிலோ. 75-இல் 35 போக மிச்சம் 40. ஸ்பிரிங்தான் கெட்டியாகிவிட்டதே, அது ஈடுகட்டிவிடாதா என்று தோன்றும். பாருங்கள்: முன்பு பம்ப் ஸ்டாப்பைத் தொட, நிற்கும் எடைக்கு மேல் 150 கிலோ தேவைப்பட்டது. இப்போது 104 கிலோ போதும். ஒரு பள்ளத்தில் விழும்போது ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் ஆற்றலை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். அது ஆடும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் புதிய ஸ்பிரிங் பம்ப் ஸ்டாப் வரைக்கும் வாங்கிக்கொள்வது பழையதில் 37 சதவீதம்தான். அந்த 40 மி.மீ.க்குள் பழைய அளவு ஆற்றலை வாங்க வேண்டுமானால் மி.மீ.க்கு 7 கிலோ ஸ்பிரிங் தேவை. அது பந்தயக் காரில் போடுகிற ஸ்பிரிங். தெருவில் ஓட்டுகிற காரில் அதை யாரும் போட மாட்டார்கள், போடவும் கூடாது.

லோயரிங் ஸ்பிரிங் போட்ட கார் "தூக்கித் தூக்கிப் போடுகிறது" என்று குறைப்படுகிறவர்கள் ஸ்பிரிங்கைத் திட்டுவார்கள். 30 சதவீதம் கெட்டி என்பது உண்மையில் பெரிய விஷயமே இல்லை. மேலே சொன்ன காரில் முன்பக்கம் நொடிக்கு 1.33 தடவை ஆடிக்கொண்டிருந்தது 1.52 ஆகும், அவ்வளவுதான். முதுகில் குத்துவது பெரும்பாலும் பம்ப் ஸ்டாப். முன்பு எப்போதாவது பெரிய பள்ளத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது, இப்போது சாதாரண ரோட்டிலேயே வேலை செய்கிறது.

பழைய காரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஸ்ட்ரட்டின் தூசி உறையைத் தூக்கிப் பாருங்கள். பல நேரம் உள்ளே பம்ப் ஸ்டாப்பே இருக்காது. ராடில் பிசுபிசுவென்று ஒட்டிய மஞ்சள் தூளும், விரலால் தொட்டாலே உதிர்கிற ஒரு வளையமும்தான் இருக்கும். அந்த நுரை காலப்போக்கில் பொடிந்துபோகும். அந்த நிலையில் காரைத் தாழ்த்தினால் தடுக்க எதுவும் இல்லாமல் ஷாக்கின் பிஸ்டன் நேராக அடியில் போய் மோதும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்கள் உள்ள டுவின் டியூப் ஷாக்கில் அடியில்தான், எண்ணெய் போய்வரும் ஃபுட் வால்வு இருக்கிறது. அது உடைந்தால் ஷாக் முடிந்தது.

ஆகவே பம்ப் ஸ்டாப் புதிதாக இருக்க வேண்டும், தாழ்த்திய காருக்கு ஏற்ற நீளத்திலும் இருக்க வேண்டும். சில ஸ்பிரிங் தயாரிப்பாளர்கள் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று தாளில் எழுதியே அனுப்புகிறார்கள். அதை அப்படியே பின்பற்றுங்கள். தாள் எதுவும் சொல்லாவிட்டால், மெலிந்து கூம்பி வருகிற முனையை வெட்டாமல் தடித்த அடிப்பகுதியை வெட்டுவதே நல்லது. கூம்பு முனைதான் முதலில் மெதுவாக அமுங்கி, பிறகு கெட்டியாகிறது. அதை வெட்டிவிட்டால் தொட்ட மாத்திரத்தில் டமார் என்று இடிக்கும்.

சரி, ஷாக்குக்கு வருவோம். ஸ்பிரிங் ஆற்றலை வாங்கி வைத்துக்கொண்டு உடனே திருப்பித் தந்துவிடும். அந்த ஆற்றலை எண்ணெய்க்குள் சூடாக்கி வெளியே விடுவது ஷாக்கின் வேலை. ராடு உள்ளே போகும்போது தருகிற எதிர்ப்பு கம்ப்ரெஷன், வெளியே வரும்போது தருவது ரீபவுண்ட். சாதாரண கார்களில் ரீபவுண்ட் எதிர்ப்பு கம்ப்ரெஷனை விட நன்றாகவே அதிகம் இருக்கும். அமுங்கிய ஸ்பிரிங் துள்ளி விரியாமல் பிடித்து வைப்பது ரீபவுண்ட்தான். ஸ்பிரிங்கை மாற்றினால் முதலில் பற்றாமல் போவதும் அதுதான்.

எவ்வளவு பற்றாமல் போகும்? தேவையான டாம்பிங், அதாவது ஆட்டத்தை அடக்க ஷாக் தருகிற எதிர்ப்பு, ஸ்பிரிங் கெட்டித்தன்மையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறுகிறது. 30 சதவீதம் கெட்டியான ஸ்பிரிங்குக்கு 14 சதவீதம் கூடுதல் டாம்பிங் போதும். இந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். டாம்பிங் விகிதம் என்பது ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்று காட்டும் எண்; 0 என்றால் அடங்கவே அடங்காது, 1 என்றால் மறு ஆட்டமே இல்லாமல் அடங்கும். இதமாக ஓடும்படி அமைத்த ஒரு புது காரில் அது சுமார் 0.3 என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீத ஸ்பிரிங் அதை 0.26-க்கு இறக்கும். கொஞ்சம் மிதக்கிற மாதிரி இருக்கும், ஓட்டலாம். ஆனால் பல வருடம் ஓடிக் களைத்த ஷாக், தன் டாம்பிங்கில் பாதியை இழந்திருந்தால்? அதே ஸ்பிரிங்கோடு 0.13. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகும் கார் ஆடிக்கொண்டே இருக்கும், டயர் ரோட்டை விட்டு விட்டுத் தொடும், பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும். இந்த இரண்டு எண்களில் பெரிய சேதம் செய்தது ஸ்பிரிங் இல்லை, வயதான ஷாக். பழைய ஷாக்கின் மேல் புது லோயரிங் ஸ்பிரிங்கை மாட்டுவதை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான். ஷாக் "இன்னும் கசியவில்லையே" என்பார்கள். கசியாமலேயே ஷாக் செத்துப்போகும். வால்வின் தகடுகள் தளர்ந்துபோகும், எண்ணெய் மெலிந்துபோகும், வாயு வெளியேறிவிடும். பானட்டின் மூலையை அமுக்கிவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று பார்க்கும் சோதனை, முழுதாகச் செத்த ஷாக்கை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். பாதி செத்தது அதில் பாஸாகிவிடும்.

அப்படியானால் கிடைப்பதிலேயே கெட்டியான ஷாக்கை வாங்கிவிடலாமா? இங்கேதான் மிச்சம் இருக்கிற 40 மி.மீ. திரும்ப வருகிறது. ரீபவுண்ட் தேவைக்கு மேல் கெட்டியாக இருந்தால், ஒரு மேட்டில் அமுங்கிய ஸ்பிரிங் விரிந்து முடிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். அது இன்னும் அமுக்கும். வரிசையாக மேடு பள்ளம் இருக்கிற ரோட்டில் கார் படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில் பம்ப் ஸ்டாப்பின் மேலேயே உட்கார்ந்துவிடும். 75 மி.மீ. இருந்த காரில் இது அவ்வளவாகத் தெரியாது. 40 மட்டும் இருக்கிற காரில் உடனே தெரியும். ஓட்டுகிறவர் ஷாக் மென்மையாக இருப்பதால்தான் அடிக்கிறது என்று நினைத்து இன்னும் இறுக்குவார், அது இன்னும் அடிக்கும். ரீபவுண்டைத் திருகி மாற்றக்கூடிய ஷாக் உங்களிடம் இருந்தால், மிக மென்மையான நிலையில் ஆரம்பியுங்கள். மேட்டைத் தாண்டியதும் காரின் பாடி ஒரே அசைவில் அடங்குகிற இடம் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்தது நீளம். பலரும் டாம்பிங்கை மட்டும் பேசிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். அதே கணக்குக் காருக்கு வருவோம். தாழ்த்துவதற்கு முன் சக்கரம் நிற்கும் நிலையிலிருந்து 80 மி.மீ. கீழே தொங்கும், ஷாக் முழுதாக விரிந்து அங்கே பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங் நிற்கும்போது 140 அமுங்கியிருந்ததால், 80 தொங்கினாலும் 60 மி.மீ. அமுங்கலோடு இறுக்கமாகவே இருக்கும். இப்போது தாழ்த்திவிட்டோம். அதே நீள ஷாக் என்றால் சக்கரம் 80-உம் 35-உம் சேர்த்து 115 மி.மீ. தொங்கும். ஆனால் கெட்டியான ஸ்பிரிங் 280 கிலோவுக்கு அமுங்கியிருப்பது 108 மி.மீ. மட்டும். ஆக, சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் 7 மி.மீ. தளர்ந்து, தன் இருக்கையில் (ஸ்பிரிங் உட்காரும் தட்டில்) சும்மா நிற்கும். ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்பிரிங்கைக் கையால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். திரும்பினால் அது தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இறக்கும்போது காயிலின் முனை தன் பள்ளத்தில் சரியாக உட்காராமல் போகலாம். பிறகு ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் "டொங்" என்று ஒரு சத்தம் வரும். மெக்கானிக் டாப் மவுண்ட், பால் ஜாயின்ட், ஆன்டி ரோல் பார் லிங்க் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பார்.

இதற்குத்தான் நீளம் குறைத்த ஷாக்குகள் இருக்கின்றன. விரிந்த நிலையில் நீளம் குறைவாக இருப்பதால் ஸ்பிரிங் எப்போதும் பிடியில் இருக்கும், பிஸ்டனும் அடியை ஒட்டி வேலை செய்யாமல் நடுப்பகுதியில் வேலை செய்யும். பில்ஸ்டைன் என்ற தயாரிப்பாளரின் ஷாக் வரிசையை எடுத்துக்கொண்டால் பி4 ஒரிஜினலுக்குப் பதிலாகப் போடுவது, பி6 ஒரிஜினல் நீளத்திலேயே கெட்டியானது, பி8 தாழ்த்திய கார்களுக்காக நீளம் குறைத்தது. பி8-ஐ ஒரிஜினல் ஸ்பிரிங்கோடு போடுவதும், 40 மி.மீ. தாழ்த்திய காரில் பி6 போடுவதும் இரண்டுமே பொருந்தாத ஜோடிகள். கோனி என்ற இன்னொரு தயாரிப்பாளரின் மஞ்சள் ஷாக்குகளில் ரீபவுண்டை மாற்றிக்கொள்ளலாம், சிலவற்றில் ஸ்பிரிங் இருக்கையை வேறு உயரத்துக் காடியில் மாட்டும் வசதியும் உண்டு. பழைய காருக்கு இது பெரிய வரம். பழைய காருக்கு இவை எதுவுமே கிடைக்காமல், ஒரிஜினல் வகை ஷாக் மட்டும் கிடைக்கிற நிலையும் வரும். அப்போது 20 முதல் 25 மி.மீ.க்கு மேல் தாழ்த்தாத ஸ்பிரிங்கையும், புத்தம் புது ஒரிஜினல் தர ஷாக்கையும் போடுவேன். பிரித்து வேலை செய்யக்கூடிய ஷாக் என்றால், இந்த வேலை தெரிந்தவரிடம் ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மையைச் சொல்லி வால்வை மாற்றச் சொல்லலாம்.

ஒரே குழாய் உள்ள மோனோடியூப் ஷாக் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளே வாயு அழுத்தம் அதிகம். 11 மி.மீ. ராடும் 25 பார் அழுத்தமும் என்றால் ராடை வெளியே தள்ளும் விசை சுமார் 24 கிலோ. நம் கணக்குக் காரில் அது ஒரு மூலையை 9 மி.மீ. உயர்த்திவிடும். ஸ்பிரிங் சொன்ன அளவு கார் இறங்கவில்லை என்றால் ஸ்பிரிங் மேல் பழி போட வேண்டாம்.

இறங்காததற்கு இன்னொரு காரணம், பழைய ஸ்பிரிங் ஏற்கெனவே களைத்து இறங்கியிருப்பது. 15 மி.மீ. தானாகவே இறங்கிவிட்ட காரில் "30 மி.மீ." ஸ்பிரிங்கை மாட்டினால் கண்ணுக்குத் தெரிவது 15தான். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் குழப்பிவிடும். தொழிற்சாலை உயரம் சர்வீஸ் மேனுவலில் இருந்தால் அதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

ஸ்பிரிங்கை வெட்டுவதைப் பற்றியும் கேட்பார்கள். வேலை செய்கிற ஆறு சுற்றுகளில் ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங் 20 சதவீதம் கெட்டியாகும், அது உண்மைதான். ஆனால் வெட்டிய முனை இருக்கையில் தட்டையாக உட்காராது, விரிந்த நீளமும் குறைந்துபோகும், மேலே சொன்ன தளர்வு இன்னும் மோசமாகும். சூடுகாட்டி இறக்குவது அதைவிடக் கொடுமை. எஃகின் பதம் போய்விடும், ஒரு நாள் உடையும். இரண்டையும் செய்யாதீர்கள்.

பழைய ஸ்ட்ரட்டுகளில் சிலவற்றில் ஷாக் தனியே ஒரு கார்ட்ரிட்ஜாக உள்ளே இறங்கும், மேலே ஒரு பெரிய வளைய நட்டால் இறுகும். நீளம் குறைந்த கார்ட்ரிட்ஜ் போட்டால் அடியில் சரியான உயரத்துக்கு ஒரு ஸ்பேசர் வேண்டும், இல்லாவிட்டால் நட்டு இறுகினாலும் உள்ளே கார்ட்ரிட்ஜ் ஆடும். குழாய்க்கும் கார்ட்ரிட்ஜுக்கும் நடுவே கொஞ்சம் எண்ணெய் ஊற்றுங்கள், சூடு வெளியே போக அதுதான் வழி. முழுக்க நிரப்பக் கூடாது, சூட்டில் எண்ணெய் விரிய இடம் வேண்டும்.

ரப்பர் புஷ்களுக்கும் ஒரு வார்த்தை. சக்கரத்தைப் பாடியோடு கீழே இணைக்கிற கன்ட்ரோல் ஆர்மின் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முழுதாக இறுக்கினால், கார் தரையில் நிற்கும்போது ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சீக்கிரம் கிழியும். காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கம். ஸ்பிரிங் மட்டும் மாற்றினாலும், பழைய புஷ்கள் பழைய உயரத்துக்கு இறுக்கப்பட்டவை என்பதால் அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, புது உயரத்தில் மறுபடி இறுக்குவது அவசியம்.

பின்பக்க பிரேக்கில் சுமைக்கு ஏற்ப அழுத்தத்தை மாற்றும் வால்வு பல பழைய கார்களில் உண்டு. ஆக்சிலையும் பாடியையும் ஒரு சின்ன கம்பி இணைத்திருக்கும். பாடி கீழே வந்தால் ஆள் ஏறிவிட்டார்கள், சாமான் ஏற்றிவிட்டார்கள் என்று அது எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். லோயரிங் ஸ்பிரிங் போட்ட காலிக் கார் அந்த வால்வுக்கு எப்போதும் சுமை ஏற்றிய கார். ஈரமான ரோட்டில் அழுத்திப் பிரேக் பிடித்தால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வால் திரும்பிவிடும். கம்பியை மேனுவலில் சொன்னபடி சரிசெய்யாமல் அந்தக் காரை ரோட்டில் இறக்கவே கூடாது. இதில் நான் எந்தச் சமாதானத்துக்கும் தயாரில்லை.

முன்பக்கம் பின்பக்கம் சமநிலையையும் பார்த்து வாங்குங்கள். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போன மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் 1930-களில் காட்டிய விஷயம் இன்றும் செல்லும். மேட்டை முன்சக்கரம் முதலில் தொடுகிறது, பின்சக்கரம் கொஞ்சம் தாமதமாகத் தொடுகிறது. பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால் முன்பக்கத்தைப் பிடித்துவிடும், கார் மூக்கும் வாலும் மாறி மாறித் தூக்காமல் சமமாக அடங்கும். முன்பக்கத்தை மட்டும் அதிகமாகக் கெட்டியாக்குகிற ஸ்பிரிங் செட் இந்த ஒழுங்கைக் கலைத்துவிடும். நெடுஞ்சாலையில் தலையாட்டிக்கொண்டே போகிற தாழ்ந்த கார்களில் பாதிக்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

ஸ்ட்ரட் காரை 30 மி.மீ.க்கு மேல் தாழ்த்துவதில் எனக்கு ஆர்வமே இல்லை. கன்ட்ரோல் ஆர்மின் வெளிமுனை உள்முனையை விட மேலே போய்விட்டால் ரோல் சென்டர் (வளைவில் பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) காரின் எடை மையத்தை விட வேகமாக இறங்கும், வளைவில் கார் சாயத் தூண்டும் நெம்பு நீளம் கூடிவிடும். அழகுக்காகத் தாழ்த்துகிறவர்கள் அதைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ளட்டும்.

எல்லாம் மாட்டிய பிறகு செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்றை ஷாக்கின் ராடில் இறுக்கமாகக் கட்டி, தூசி உறையைத் தூக்கிவிட்டு, ஷாக் உடம்பின் வாய் வரை தள்ளிவிடுங்கள். உங்கள் வழக்கமான ரோட்டில், வழக்கமான ஆட்களோடு ஓட்டுங்கள். ராடு உள்ளே போகும்போது டை மேலே தள்ளப்படும், திரும்பி வராது. வண்டியை நிறுத்தி, டைக்கும் ஷாக்கின் வாய்க்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்தால் எத்தனை மி.மீ. பயன்பட்டது என்று தெரியும். தலைகீழாக வேலை செய்யும் மோனோடியூப் ஸ்ட்ரட்டில் மட்டும் இது முடியாது, அங்கே ராடு உறைக்குள் மறைந்திருக்கும். டை ஒவ்வொரு தடவையும் பம்ப் ஸ்டாப் வரை போய் நிற்கிறது என்றால் கார் ஸ்பிரிங்கில் ஓடவில்லை, பம்ப் ஸ்டாப்பில் ஓடுகிறது. மேடு வரிசையில் மட்டும் அப்படி என்றால் ரீபவுண்டைக் குறைத்துப் பாருங்கள். நல்ல ரோட்டிலேயே அப்படி என்றால் இந்த ஷாக்குக்கு அந்த ஸ்பிரிங் அதிகம் தாழ்வு. குறைவாக இறக்குகிற ஸ்பிரிங்குக்குப் போங்கள், அல்லது நீளம் குறைத்த ஷாக்குக்கு. 10, 15 மி.மீ. மிச்சம் வைத்து நிற்கிறது என்றால் ஜோடி சரி. அப்புறம் ஸ்பிரிங் உட்காரும்வரை சில வாரம் ஓட்டிவிட்டு வீல் அலைன்மென்ட் செய்யுங்கள், ஹெட்லைட்டின் உயரத்தையும் அப்போதே சரிபாருங்கள்.